பரிமாறுபவரின் பெயரால் ஒரு வசூல்

போசரி எம்.ஐ.டி.சி. பகுதியில் பட்டறைகளுக்கு நடுவே இயங்கும் மெஸ்களில் மாதச் சாப்பாட்டு அட்டை என்று ஒன்று புழங்குகிறது. தொழிலாளி மாதத் தொடக்கத்தில் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிடுகிறார்; ஒவ்வொரு வேளைக்கும் அட்டையில் ஒரு கட்டம் அடிக்கப்படுகிறது. அன்றன்றைக்குக் காசு கொடுத்து உண்பதைவிட வேளைக்குச் சில ரூபாய் குறைவு. கைக்கு முன்பணம் வருகிறது, நாளை எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது; மெஸ்காரர் விலையைக் குறைப்பதற்கு இவையே காரணம். எவ்விதத்திலும் இது ஒரு தள்ளுபடி அட்டை. எனினும், "குறைந்த விலையில் சாப்பிடுகிறாய், ஆகவே சப்பாத்தி வைக்கிற பையனுக்குப் பத்து விழுக்காடு கட்டாயமாக எடுத்து வை" என்று அங்கே எவரும் கணக்கு எழுதுவதில்லை.

அதே புனே மாநகரத்தின் மறுகோடியில், கோரேகாவ் பார்க், பானேர் வட்டாரங்களின் குளிரூட்டப்பட்ட உணவகங்களைச் சுற்றி நடக்கும் விவாதம் வேறு வகையானது. செயலிகளும் வங்கிகளும் விற்கும் தள்ளுபடி அட்டைகளோடு வருபவர்கள் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போகிறார்கள். ஆகவே அவர்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்க வேண்டும், அதுவும் தள்ளுபடிக்கு முந்தைய முழுத்தொகையின் மீது கணக்கிட வேண்டும் என்பது உரிமையாளர் தரப்பு வாதம். அமெரிக்காவில் இவ்வழக்கம் பழையது. அங்கே தள்ளுபடிச் சீட்டுகளின் அடியிலேயே, கழிவுக்கு முந்தைய தொகையில் 18 விழுக்காடு சன்மானம் சேர்க்கப்படும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்.

உரிமையாளர்களின் மனக்குறை பொய்யானதன்று. 2017 நவம்பரில் ஸொமேட்டோ நிறுவனம் தன் 'கோல்ட்' திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. ஓர் உணவு வாங்கினால் மற்றொன்று இலவசம் என்பது அதன் கவர்ச்சி. உறுப்பினர் செலுத்திய சந்தா செயலியின் கல்லாவுக்குப் போயிற்று. இலவசத் தட்டின் செலவு உணவகத்தின் தலையில் விழுந்தது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் குருகிராமில் தொடங்கிய 'லாக் அவுட்' இயக்கம் இந்தக் கசப்பின் வெடிப்பே. இந்திய தேசிய உணவக சங்கத்தின் ஆதரவோடு பல நகரங்களின் உணவகங்கள் இத்தகைய திட்டங்களிலிருந்து வெளியேறின. அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. ஏனெனில் அது சண்டையிட வேண்டிய இடத்தில், அதாவது செயலியோடு, சண்டையிட்டது. கட்டாயச் சன்மானமோ அந்தச் சண்டையை மேசைக்குக் கொண்டுவந்து, உண்பவருக்கும் பரிமாறுபவருக்கும் இடையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இவ்வாதத்தின் வலுவான பகுதி ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எதிர்வாதம் பேசுவது நேர்மையாகாது. தள்ளுபடி உணவின் விலையைத்தான் பாதியாக்குகிறது, உழைப்பைப் பாதியாக்குவதில்லை. இரண்டு தட்டுகளும் சமையலறையிலிருந்து அதே தொலைவைக் கடந்தே வருகின்றன. தண்ணீர்க் குவளை அத்தனை முறை நிரப்பப்படுகிறது. மேசை அத்தனை முறை துடைக்கப்படுகிறது. ஆகவே, டிப்ஸ் வைக்க நினைப்பவர் முழுத்தொகையை மனத்தில் கொண்டு வைப்பதே முறை. பாதி விலைக்கு உண்டுவிட்டுப் பத்து ரூபாயைத் தட்டில் போட்டுச் செல்லும் கனவானைப் பாராட்ட இங்கே எவரும் இல்லை.

ஆனால் 'வைப்பதே முறை' என்பதிலிருந்து 'வாங்கியே தீருவோம்' என்பதற்குத் தாவும்போது சன்மானம் என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது. கொடுப்பவர் மறுக்க முடியாதது அன்பளிப்பு அன்று, விலை. விலை என்றால் அது விலைப்பட்டியலில், உணவின் பெயருக்கு நேரே நிற்க வேண்டும். அங்கே நிற்க அதற்குத் துணிவில்லை. விலையை உயர்த்தினால் பக்கத்துக் கடைக்கு ஆள் போய்விடும் என்ற அச்சம். எனவே ஒரு விலையைச் சொல்லி உள்ளே அழைத்து, உண்டு முடித்த பிறகு இன்னொரு விலை வசூலிக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். இருவர் உண்ட உணவின் பட்டியல் விலை 2000 ரூபாய். அட்டையின்படி 1000 ரூபாய் கழிவு. முழுத்தொகையின் மீது பத்து விழுக்காடு என்றால் சேவைக் கட்டணம் 200 ரூபாய். உண்பவர் உணவுக்குத் தரும் ஆயிரத்தில் அது இருபது விழுக்காடு. கட்டாயக் கட்டணம் வழங்கலின் மதிப்பிலேயே சேர்வதால் அதன் மீதும் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஏறுகிறது, 1200 ரூபாய்க்கு 60 ரூபாய் வரி. இதில் கவனிக்க வேண்டியது வரிச்சட்டத்தின் தர்க்கம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவு, பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடியை வழங்கலின் மதிப்பிலிருந்து கழித்துவிடுகிறது. அதாவது அரசின் கண்ணில் அந்த உணவின் விலை ஆயிரம்தான். உணவகமும் ஆயிரத்தைத்தான் விலையாகக் கணக்கில் எழுதுகிறது. சேவைக் கட்டண வரி ஒன்றில் மட்டும் அதே உணவு இரண்டாயிரமாகிவிடுகிறது. ஒரே காகிதத்தில் ஒரே பண்டத்துக்கு இரண்டு விலைகள்!

ஆய்வரங்குகளிலும் பல்கலைக்கழகக் கேன்டீன் மேசைகளிலும் இன்னொரு குரல் கேட்கிறது. அது தொழிலாளர் பக்கம் நிற்பதாக நம்பும் குரல். சேவைக் கட்டணத்தை எதிர்ப்பது நடுத்தர வர்க்கக் கஞ்சத்தனம், பரிமாறுபவரின் வாழ்வாதாரத்தை நுகர்வோர் உரிமை என்ற பெயரால் பறிப்பது என்கிறது அது. இவ்வாதம் அமெரிக்கச் சூழலை அப்படியே இறக்குமதி செய்துகொள்கிறது. அங்கே டிப்ஸ் பெறும் ஊழியருக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்ச நேரடி ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மிச்சத்தை வாடிக்கையாளர் நிரப்புவார் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. இந்தியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் முதலாளிக்கு அப்படியொரு கழிவை ஒருபோதும் தரவில்லை. தட்டில் டிப்ஸ் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஊதியத்தை முழுதாகத் தர வேண்டியவர் உரிமையாளரே. கட்டாயக் கட்டணத்தை முற்போக்கு நிலைப்பாடாகக் கொண்டாடுபவர்கள், சட்டம் மறுத்த ஒரு சலுகையை முதலாளிக்கு வழக்கத்தின் வழியே வாங்கித் தருகிறார்கள். தொழிலாளிக்காகப் பேசுவதென்றால் முதற்கேள்வி, இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதாக இருக்க வேண்டும். ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வாடிக்கையாளர் தந்து, விடுதி வாங்கி ஊழியருக்குப் பகிரும் டிப்ஸ் தொகையை முதலாளி ஓர் அறங்காவலர் நிலையிலேயே வைத்திருக்கிறார், அது அவர் தரும் ஊதியம் ஆகாது என்றது. கட்டாயக் கட்டணம் அப்படியன்று. அது உணவகத்தின் பில்லில், உணவகத்தின் வரவாக ஏறுகிறது. எத்தனை விழுக்காடு சமையலறைக்கு, எத்தனை விழுக்காடு மேசைப் பணியாளருக்கு, உடைந்த கண்ணாடிக்கு எவ்வளவு கழிகிறது என்பதைப் பில்லைப் பார்த்து உண்பவரும் அறிய முடியாது, பரிமாறியவரும் அறிய முடியாது.

சட்டம் இதைப் படிப்படியாகவே எட்டியது. சேவைக் கட்டணம் உண்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது என்று 2017 ஏப்ரலில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டியது; பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய ஆணையம் 2022 ஜூலை 4 அன்று திட்டவட்டமான நெறிமுறைகளை வெளியிட்டது. பில்லில் தானாகச் சேர்க்கலாகாது. வேறு பெயரிலும் வசூலிக்கலாகாது. தர மறுப்பவருக்கு நுழைவையோ சேவையையோ மறுக்கலாகாது. உணவகச் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் சென்று அதே மாதத்தில் இடைக்காலத் தடை பெற்றன. 'வேறு பெயரிலும் கூடாது' என்பது எவ்வளவு முன்யோசனை நிறைந்த வாசகம் என்பது 2023இல் விளங்கியது. வழக்கு நடக்கையில் 'ஊழியர் பங்களிப்பு' என்ற புதுப்பெயர் இடைக்கால ஏற்பாடாக வந்தது. பத்து விழுக்காட்டுக்கு மேற்படாமல், இதன்பின் டிப்ஸ் தேவையில்லை என்ற அறிவிப்போடு. இறுதியில் 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் நெறிமுறைகளை உறுதிசெய்து, மனுதாரர்களாகிய இரு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். கட்டாய வசூலும் அதன்மேல் வரியும் நுகர்வோர் மீது விழும் இரட்டை அடி என்பது தீர்ப்பின் பார்வை. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

இத்தீர்ப்பு உணவகங்களின் விலை நிர்ணய உரிமையைத் தொடவே இல்லை; இதைச் சங்கங்களின் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் உணவை இரண்டாயிரத்து இருநூறு என்று அச்சிட எந்தத் தடையும் இல்லை. தள்ளுபடி அட்டையை ஏற்க மாட்டோம் என்று வாசலில் எழுதவும் தடையில்லை; 2019இல் எழுதினார்கள்தானே. செயலியோடு ஒப்பந்தம் போடும்போது, 'ஒவ்வொரு இலவசத் தட்டுக்கும் பரிமாறும் ஊழியருக்கு இவ்வளவு ரூபாய் சந்தாத் தொகையிலிருந்து வர வேண்டும்' என்று ஒரு விதியைச் சேர்க்கவும் தடையில்லை. அட்டையால் ஆள் கூட்டம் சேர்ந்ததில் ஆதாயம் பெற்றவர்கள் செயலியும் உணவகமும். கூடுதல் தட்டுகளைச் சுமந்தவருக்குரிய கூலியை அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

அதுவரை பில்லில் அந்த வரியைக் காண்பவர் அதை நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீக்கிய பின்பு, பரிமாறியவரின் கையில் நேராகக் கொடுக்க இருநூறு ரூபாயைப் பையிலிருந்து எடுப்பதற்கும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.