வீட்டுக்குள் வந்துவிட்ட கன்ட்ரோல் ரூம்

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கோவில்பட்டியில் கேபிள் தொழிலில் இருக்கிறேன். மொட்டை மாடியில் டிஷ் வைத்து, தெருத்தெருவாகக் கருப்பு ஒயர் இழுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். பிப்ரவரி பிறந்தால் போதும், "அண்ணாச்சி, பயலுக்குப் பத்தாவது பரீட்சை. முடியுற வரைக்கும் லைனைக் கழட்டி விட்ருங்க" என்று அப்பாமார் வந்து நிற்பார்கள். ஏணி வைத்து அந்த வீட்டு இணைப்பைக் கழற்றிவிட்டு வருவோம். சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரே ஒரு சேனலை மட்டும் எடுக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஒயரில் அது முடியாது. எடுத்தால் ஊருக்கே எடுக்க வேண்டும். எஃப் டிவி என்ற ஃபேஷன் சேனலுக்கு 2007-ல் மத்திய அரசே இரண்டு மாதத் தடை போட்டது. 1995-ம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, என் ஒயரில் ஓடும் நிகழ்ச்சிக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன். கன்ட்ரோல் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது.

இன்று அந்த ஒயர் போன வழியில் ஃபைபர் போகிறது. அன்று பரீட்சை எழுதிய பயல்கள் இன்று அப்பாக்களாகி வருகிறார்கள். "அந்த மாதிரி சைட் எதுவும் வராம ஆபீஸ்லயே பூட்டி விட்ருங்க அண்ணாச்சி." கோரிக்கை மாறவில்லை, தொழில் மாறிவிட்டது.

ஆபீஸில் பூட்டுவது எடுபடாது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, 827 ஆபாசத் தளங்களை அடைக்கும்படி மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்குச் சொன்னது. அடைத்தார்கள். வேறு முகவரியில் வேறு தளங்கள் வந்தன. அப்படியே முடிந்தாலும், வீட்டுக்கு வீடு வடிகட்டும் வேலையை ஆபரேட்டர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று கேபிள்காரன் உட்கார்ந்து பார்ப்பதற்கு நீங்கள் சம்மதிப்பீர்களா? நான் சம்மதிக்க மாட்டேன்.

சாவி இப்போது உங்கள் டிவிக்கு மேலே, சுவரில் தொங்குகிற அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் மோடம் என்கிறார்கள். ரவுட்டர் என்பதும் அதுதான். அதற்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும், விருந்தாளிக்கும் சொல்வோம். பெட்டியின் உள்ளே போய் அமைப்புகளை மாற்றுவதற்கான அட்மின் பாஸ்வேர்டு இன்னொன்று. அது உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. பல பழைய பெட்டிகளில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. லைன் கொடுக்க வருகிற பையன், வைஃபைக்கு வீட்டுக்காரரின் செல் நம்பரைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவான். அந்த நம்பர் கடை ஃப்ளெக்ஸிலும் இருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம் சொல்வேன். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் தேடிப் போனது நவி மும்பையில் வாடகைக்கு இருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்கு. பாதுகாப்பு இல்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்; விசாரணைக்கு ஆளானவர் அவர். அடுத்தது 2016. 'மிராய்' என்ற கிருமி, கம்பெனியில் போட்டு அனுப்பும் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க கேமராக்களுக்குள்ளும் மோடங்களுக்குள்ளும் புகுந்தது. அந்த அக்டோபர் 21 அன்று அவை எல்லாம் சேர்ந்து தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. மோடத்தின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி அதில் சேர்ந்திருந்ததே தெரியாது.

எங்கள் பையன்களுக்கு நான் வைத்திருக்கிற விதி இதுதான்: லைட் எரிந்ததும் கிளம்பக் கூடாது. வீட்டுக்காரரின் போனிலேயே பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடிக்க வைக்க வேண்டும். (சில பெட்டிக்கு 192.168.0.1, பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.) பாஸ்வேர்டை அவரே மாற்ற வேண்டும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஓர் அம்மா வீட்டுக்கு நானே போயிருந்தேன். "குலசாமி பேரு வைக்கட்டுமா அண்ணாச்சி?" என்றார். "ஊருக்கே தெரிஞ்ச பேரும்மா அது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு நாலு வார்த்தையைச் சேர்த்துப் போடுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றார். திரும்பி நின்றேன். இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே சரியான வாடிக்கையாளர் அவர்தான்.

அதே பக்கத்தில் வேறு சில வேலைகளும் உண்டு. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ-2 அல்லது, போன்கள் ஏற்றால், 3 இருக்க வேண்டும். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001-லேயே உடைபட்ட பூட்டு. வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே போனைச் சேர்த்துக்கொள்ளும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்து விடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கப் பத்து கோடி முறை முயல வேண்டும் என்று தோன்றும். பெட்டி அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சி போதும் என்பது 2011-ல் வெளியே வந்துவிட்டது.

இனி, அப்பாக்கள் கேட்கும் வடிகட்டிக்கு வருவோம். தளத்தின் பெயரை நாம் அடித்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்கிற ஏற்பாடு. பழைய டெலிபோன் காலத்தில் 197-ஐ அழைத்துப் பெயர் சொன்னால் நம்பர் சொல்வார்களே, அதுதான். கேட்கும் இடத்தை வடிகட்டித் தரும் ஓர் இடமாக மாற்றிவிட்டால், வேண்டாத தளத்தைக் கேட்கும்போது "அந்தப் பெயருக்கு நம்பர் இல்லை" என்று அது சொல்லிவிடும். மோடத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், அடுத்த கட்டத்தில் 1.0.0.3 என்றும் போடுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-ல் தொடங்கிய இலவசச் சேவை. ஆபாசத் தளங்களையும் கிருமி பரப்பும் தளங்களையும் தடுக்கும். ஓபன்டிஎன்எஸ் தருவதும் இலவசம்தான்: 208.67.222.123, 208.67.220.123. ஐபிவி-6 என்ற புது வகை இணைய முகவரி ஓடுகிற இணைப்பாக இருந்தால் அதற்குரிய டிஎன்எஸ் முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாசலை அடைத்துவிட்டுப் புறவாசலைத் திறந்து வைத்த கதைதான்.

இது எதுவரை செல்லும்? எட்டு வயதுப் பிள்ளை எதையோ தேடப்போய் வேறு எதையோ பார்த்து மிரளாமல் இருக்கும் வரை. அதற்கே இது பெரிய உதவி. பன்னிரண்டாவது படிக்கிற பையனின் போனில் தனி சிம் இருக்கிறது. வைஃபையை அணைத்தால் உங்கள் மோடத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. தடுப்பைச் சுற்றிப் போக விபிஎன் போடத் தெரியாத பிளஸ் டூ பையனை நான் இன்னும் பார்க்கவில்லை. அவனிடம் பேசத்தான் வேண்டும், வேறு குறுக்கு வழி என்னிடம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலேஜ் போகிற மகள் எந்தெந்தத் தளம் பார்க்கிறாள் என்று லிஸ்ட் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. மகனுக்காக அப்படிக் கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சின்னப் பிள்ளைக்கு வேலி போடுவது வேறு, வளர்ந்த பெண்ணை வேவு பார்ப்பது வேறு.

என் தொழில்காரர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மோடத்தை ஆபீஸில் இருந்தபடியே திருத்தும் வசதி கம்பெனிகளிடம் இருக்கிறது. பழுது பார்க்க அது வேண்டும்தான். அதைச் சாக்காக வைத்து அட்மின் பாஸ்வேர்டைத் தர மறுப்பதும், டிஎன்எஸ் மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்புவதும் நியாயமில்லை. வாடகைக்கு வீடு விட்டால்கூடச் சாவியைக் குடியிருப்பவர் கையில்தான் கொடுக்கிறோம்.

அடுத்த மாதச் சந்தாவுக்கு ஆள் வரும்போது, பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: "தம்பி, எங்க வீட்டு மோடத்தோட அட்மின் பாஸ்வேர்டு என்ன?" அவர் சொன்னதும், அவர் தெரு முனை தாண்டுவதற்குள் அதை மாற்றிவிடுங்கள்.