வலையில் சிக்கும் கடல்குதிரையை இறால் குட்டையில் வளர்க்கலாமா?

கேள்வி: 'எங்களுக்கு இறால் பண்ணை இருக்கிறது. நண்டு வலையில் அவ்வப்போது கடல்குதிரைகளும் சிக்குகின்றன. காயவைத்துக் கொடுத்தால் நல்ல விலை தருவதாக வியாபாரி ஒருவர் சொல்கிறார். வயிறு பெருத்த பெண் கடல்குதிரைகளைக் குட்டையில் விட்டு வளர்க்க முடியுமா?'
- வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வயிறு பெருத்திருப்பது பெண் அல்ல, ஆண். கடல்குதிரையும் மீன்தான். செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் உடலை மூடியிருக்கும். ஆணுக்கு வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் ஒரு பை உண்டு. பெண் முட்டைகளை அந்தப் பைக்குள் இட்டுவிடும். முட்டைகள் அங்கேயே கருவாகும். அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தகப்பன்தான் கொடுக்கும். நீரின் வெப்பத்தைப் பொறுத்து, பெரும்பாலான இனங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். சிறிய இனங்களில் சில குஞ்சுகள்தான். பெரிய இனங்களில் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரத்தைத் தாண்டியும் பிறக்கும்.

பிறந்த பிறகு தாயும் கவனிக்காது, தகப்பனும் கவனிக்காது. ஆயிரம் குஞ்சுகளில் ஐந்துகூடத் தேறுவதில்லை என்பது பொதுவான கணக்கு. பல இனங்களில் ஓர் இனப்பெருக்கப் பருவம் முழுக்க ஒரே ஜோடியாக இருக்கும். அதில் ஒன்று வலையில் போய்விட்டால், மிஞ்சியது வேறு துணை தேடும்வரை இனப்பெருக்கம் நின்றுவிடும். ஆகவே, பை நிறைந்த ஓர் ஆணைக் காயவைத்தால், அந்த ஈட்டுக் குஞ்சுகள் அத்தனையும் அதோடு போய்விடும்.

குட்டையில் வளர்ப்பதும் எளிதல்ல. கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். குழல் போன்ற வாயால் சின்னஞ்சிறு கூனிகளையும் மிதவை உயிரிகளையும் உறிஞ்சும். இறால் தீவனத்தை நம்பி அதை வளர்க்க முடியாது. குஞ்சுகளுக்கு உயிருள்ள நுண்ணிரையை நாள்தோறும் பலமுறை கொடுக்க வேண்டும். சீனா, வியட்நாம், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கென்றே தனிப் பண்ணைகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது சட்டம். 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ம் ஆண்டு முதல் கடல்குதிரை இடம்பெற்றிருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. பிடிப்பது, அனுமதியின்றி வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். உயிரோடு இருந்தாலும் காய்ந்த கருவாடாக இருந்தாலும் வித்தியாசம் இல்லை. தண்டனை 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வியாபாரி தரும் காசுக்காக இந்த வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வலையில் சிக்கினால் படகிலேயே விடுவித்துவிட வேண்டும். வலைக்கண்ணியை வாலால் சுற்றிப் பிடித்திருந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஈரக் கையால் மெதுவாகப் பிரித்து, பிடிபட்ட இடத்திலேயே தண்ணீரில் விடலாம். கடல்குதிரைக்கு நீச்சல் பலம் குறைவு. வாலால் பற்றிக்கொள்ளக் கடல்புல் இல்லாத இடத்தில் விட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். இறந்தே வந்தாலும் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே போட்டுவிடுவது நல்லது.

குட்டையில் கூடுதல் வருமானம்தான் நோக்கம் என்றால், கொடுவா, பால்மீன் வளர்ப்பு பற்றி யோசிக்கலாம். இந்த இரண்டு மீன்களுக்கும் குஞ்சு உற்பத்தித் தொழில்நுட்பத்தைச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. குட்டையின் உப்புத்தன்மையையும் ஆழத்தையும் அளந்து வைத்துக்கொண்டு அங்கே ஆலோசனை கேட்டால், எது பொருந்தும் என்று தெரிந்துவிடும்.