பல் மருத்துவருக்கும் சீட்டு வேண்டும்

மருந்தை நன்கு அறிந்தவர்களே அதை மருத்துவர் சீட்டில்லாமல் விழுங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. பல் மருத்துவ மாணவர்களிடம் இந்தப் பழக்கம் பரவலாக இருப்பதை இந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பல்லின் உள்ளே வரும் பற்கூழ் அழற்சியின் வலியை அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் தணிக்காது. உடனே சிகிச்சை கிடைக்கும் பெரும்பாலோருக்கு அது வேண்டாமென அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. வலி மாத்திரையிலும் ஆபத்து உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி பல்வலியோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைக் கேட்கிறார். வெயிலில் நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ‘டாக்டரைப் பாருங்க அண்ணாச்சி’ என்று அவரிடம் சொல்ல வேண்டியவரே தன் வலிக்கு மாத்திரைப் பட்டையைப் பிரிக்கலாமா? மாணவர்கள் நோயாளியாக வந்து உட்கார, கல்லூரிகள் முதலாமாண்டிலிருந்தே தனி நேரம் ஒதுக்கட்டும்.