அந்திச் சூரியனுக்குள் ஒளிந்த கோப்புகள்

2018 ஜூலையில், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் ஒருவர், சூரியன் மறையும் காட்சியைக் காட்டும் புகைப்படம் ஒன்றைத் தமது சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினார். மின் உற்பத்திச் சுழலிகள் தொடர்பான சுமார் 40 கோப்புகள் அந்தப் படத்தினுள் மறைக்கப்பட்டிருந்தன என்றது அரசுத் தரப்பு. பொருளாதார உளவுக்கான கூட்டுச்சதியில் அவர் குற்றவாளி என 2022இல் தீர்ப்பானது. 2023இல் 24 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வாறு ஒளிக்கும் முறைக்கு 'ஸ்டெகனோகிராபி' என்று பெயர். இதில் பல வழிகள் உண்டு. எளியது ஒன்றைச் சொல்கிறேன். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவாகப் பதிவாகிறது. ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 255ஐ 254 ஆக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அந்தக் கடைசி இலக்கத்தில்தான் செய்தி குடியேறுகிறது. 10 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தில் ஏறத்தாழ 3.75 லட்சம் பைட்டுகளை ஒளிக்கலாம். ஒரு நூலையே வைத்துவிடலாம். (வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுவதால் மறைசெய்தி சிதைந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் சிதையாது.)

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கவனிப்பது இதன் செலவுக் கணக்கை. ஒளிப்பதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தேடுபவரோ அன்றாடம் பரிமாறப்படும் கோடிக்கணக்கான படங்களைச் சலிக்க வேண்டும்.

நமது தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021, 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், ஆணை பிறப்பிக்கப்பட்டால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்கின்றன. கடும் குற்றங்களுக்கு மட்டுமே என்ற வரம்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஒருவரைக் கண்டறிய வேண்டுமெனில் அனைவரின் செய்திகளையும் தடம் காணத்தக்கவையாக வைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டு, வாட்ஸ்ஆப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. தன் வணிக நலனுக்காகவே அது வாதிட்டிருக்கலாம். ஆயினும் வாதம் சரியென்றே எனக்குப் படுகிறது. தேர்ந்த குற்றவாளி சூரிய அஸ்தமனப் படத்துக்குள் புகுந்துகொள்வான். தடத்தில் சிக்குவோர், ஒளிக்க எதுவுமில்லாத மற்றவர்களே.

அந்தப் பொறியாளர் எப்படி அகப்பட்டார்? எல்லோருடைய படங்களையும் யாரும் துழாவவில்லை. நிறுவனம் பயன்படுத்தாத ஒரு மென்பொருளால் அவர் கோப்புகளைப் பூட்டியிருந்ததை நிறுவனத்தார் முன்னரே கண்டனர். ஐயம் எழுந்தபின் அவரது பணிக்கணினியை மட்டும் கண்காணித்தனர். நம் காவல் துறையின் சைபர் பிரிவுகளுக்கு இவ்வகைப் பயிற்சியும் தடயவியல் வல்லுநர்களும் வாய்த்தால், எல்லோருடைய செய்திகளிலும் தடம் பதிக்கும் விதி எதற்கு என்பதை அரசு விளக்க வேண்டியிருக்கும்.