உமிழ்நீர் பரிசோதனை: மருந்தை அளக்கவா, குற்றத்தை நிரூபிக்கவா?

போதைப்பொருள் உட்கொண்டு வாகனம் ஓட்டுவோரைக் கண்டறிய, கேரளம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களின் காவல் துறையினர் உமிழ்நீர் பரிசோதனைக் கருவிகளைக் கடந்த சில ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்து வருகின்றனர். ஊசி தேவையில்லை, சிறுநீர் மாதிரிக்காக ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும் என்பதால் இக்கருவிகள் வரவேற்பைப் பெற்றுள்ளன. நோயாளியின் உடலில் மருந்து போதிய அளவில் உள்ளதா என்பதை அறியவும் இதே உமிழ்நீர் பயன்படும். ஆனால் அந்தப் பயன்பாடு நம் நாட்டில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சில மருந்துகளைப் பொறுத்தவரை அறிவியல் அடித்தளம் உறுதியாக இருப்பது இந்த இரண்டாவது பயன்பாட்டில்தான். சாலையோரப் பயன்பாட்டிலோ விடை காணப்படாத சட்டக் கேள்விகள் பல உள்ளன.

ரத்தத்தில் கலக்கும் மருந்தின் ஒரு பகுதி புரதங்களுடன், குறிப்பாக ஆல்புமினுடன், பிணைந்துகொள்கிறது. பிணையாமல் தனித்திருக்கும் பகுதியே திசுக்களைச் சென்றடைந்து வேலை செய்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வழியே கசிந்து வாய்க்கு வருவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியே.

கால்-கை வலிப்புக்குப் பல்லாண்டுகளாகத் தரப்படும் ஃபெனிட்டோயின் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இம்மருந்தில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதத்துடன் பிணைந்திருக்கும். ரத்தத்தில் மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான வரம்பு. ஊட்டச்சத்துக் குறைபாட்டாலோ கல்லீரல், சிறுநீரக நோயாலோ ஆல்புமின் குறைந்தவர்களிடம் இந்த எண் ஏமாற்றிவிடும். மொத்த அளவு குறைவாகத் தெரியும். ஆனால் வேலை செய்யும் பகுதி தேவையான அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் தள்ளாட்டமும் பார்வைத் தடுமாற்றமும் வரும். ஃபெனிட்டோயினில் மாத்திரையைச் சற்றே கூட்டினாலும் ரத்த அளவு பல மடங்கு தாவக்கூடும் என்பதால் இந்தப் பிழை சிறியதல்ல. உமிழ்நீரில் கிடைக்கும் அளவு தனித்திருக்கும் பகுதியையே காட்டுவதால், இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமான ரத்தப் பரிசோதனையைவிட அது உண்மைக்கு நெருக்கமானது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்படும் நாட்டில், அதிலும் ஊசியைக் கண்டாலே அழும் குழந்தைகளின் சிகிச்சையில், இது சிறிய உதவியல்ல.

எல்லா மருந்துகளுக்கும் இது பொருந்தாது. வால்ப்ரோயேட் மருந்தின் உமிழ்நீர் அளவுக்கும் ரத்த அளவுக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உமிழ்நீருக்கு மிகக் குறைவாகவே வருகிறது. மருந்து உட்கொண்ட சிறிது நேரத்தில் மாதிரி எடுத்தால், வாயில் ஒட்டியிருக்கும் எச்சமே அளவை உயர்த்திக் காட்டிவிடும். ஆகவே வாயைக் கொப்பளித்து, அடுத்த வேளை மருந்துக்கு முன் மாதிரி எடுப்பதே முறை.

காசநோய்ச் சிகிச்சையில் உமிழ்நீரின் பயன் இன்னும் அவசரமானது. உலக சுகாதார அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முந்தைய ஆண்டில் உலகக் காசநோய்ச் சுமையில் 26 சதவீதம் இந்தியாவுக்குரியது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாகுயிலின், ப்ரெடோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகியவை அடங்கிய ஆறு மாதச் சிகிச்சைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. இவற்றுள் லினசோலிட், நோயை வெல்லும் அளவுக்கும் நரம்பைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய மருந்து. தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளிடம் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் எனத் தொடங்கி நடத்தப்பட்ட ஆய்வில், 81 சதவீதத்தினருக்குக் கை, கால் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாக 2020இல் தெரிவிக்கப்பட்டது. தற்போது தரப்படுவது அதில் பாதியான 600 மில்லிகிராம். ஆயினும் ஒரே அளவு மாத்திரை எல்லோருடைய உடலிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. லினசோலிட் புரதத்துடன் குறைவாகவே பிணைவதால், ரத்த அளவுக்கு நெருக்கமான அளவில் உமிழ்நீரிலும் காணப்படுகிறது. காசநோய் மையங்களில் நோயாளி சளிக்குப் பதிலாக எச்சிலைத் தந்துவிட்டால் மாதிரியைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த எச்சிலே மருந்தளவைக் கணிக்கப் போதும் என்பது சற்று வேடிக்கையான உண்மை. மருந்தளவு அறியும் வசதி பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளிலேயே உள்ள நிலையில், கிராமத்து நோயாளியின் கால் மரத்துப்போகும் முன்பே எச்சரிக்கை கிடைக்க இது ஒரு வழி.

சாலையோரச் சோதனையின் கேள்வி வேறு. மருத்துவர் கேட்பது மருந்து எவ்வளவு என்பதை. காவலரின் கருவி சொல்வதோ பொருள் இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே. நீதிமன்றம் அறிய வேண்டியது, ஓட்டுநர் வாகனத்தைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருந்தாரா என்பதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை வகுத்துள்ளது. போதைப்பொருளுக்கு அவ்வாறு எண் எதுவும் இல்லை. வாகனத்தை உரிய முறையில் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் பாதிப்பில் இருப்பதே குற்றம். உமிழ்நீர்ப் பட்டையில் தோன்றும் கோடு இதற்கு விடையாகாது. கஞ்சா புகைப்பவரின் உமிழ்நீரில் காணப்படும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருளில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து வந்ததன்று. புகைக்கும்போது வாயின் உட்பரப்பில் படிந்ததே அது. அண்மையில் பயன்படுத்தினார் என்பதைச் சிறுநீரைவிட உமிழ்நீர் நன்றாகக் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவுக்கே உரிய சிக்கலும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாவுக்கான வரையறையில் பூக்காம்பு சேராத இலையைச் சேர்க்கவில்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் பாங் விற்கப்படுகிறது. ஹோலியன்று பாங் அருந்தியவரையும் கஞ்சா புகைத்தவரையும் கருவி வேறுபடுத்தாது. மருத்துவர் எழுதித் தந்த கோடீன் கலந்த இருமல் மருந்தும் ஓபியம் வகைப் பொருளாகவே பதிவாகும். அச்சட்டத்தின் 27ஆவது பிரிவின் கீழ்ப் போதைப்பொருளை உட்கொள்வதே தண்டனைக்குரியது என்பதால், சாலையில் எடுத்த ஒரு மாதிரி போக்குவரத்து வழக்கோடு நின்றுவிடாமல் போகலாம்.

வெளிநாடுகளின் அனுபவம் இதில் பயனுள்ளது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் இத்தகைய சோதனையைத் தொடங்கியபோது, முதலில் பிடிபட்ட ஓட்டுநர் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையில் போதைப்பொருள் உட்கொண்டவராகக் காட்டப்பட்டார். ஆய்வக முடிவு அவரிடம் எதுவும் இல்லை என்றது. பிரிட்டனில் சாலையோர உமிழ்நீர்ச் சோதனை சந்தேகத்துக்கு மட்டுமே உதவும். சான்றாக ஏற்கப்படுவது பின்னர் எடுக்கப்படும் ரத்தமே. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023இல் பணியாளர்களுக்கு உமிழ்நீர்ப் பரிசோதனையை அனுமதித்தபோதும், சான்று பெற்ற இரண்டு ஆய்வகங்கள் அமையும் வரை அதைத் தொடங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கருவி, பிறகு ஆய்வகம், கடைசியில் சட்டம் என்று செல்லும் போக்கே இங்கு கவலைக்குரியது.

185ஆவது பிரிவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மூச்சுச் சோதனையுடன் ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட பிற பரிசோதனைகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் மாதிரி எடுக்கும் நடைமுறையைக் கூறும் 203, 204ஆவது பிரிவுகள் மூச்சையும் ரத்தத்தையும் பற்றியே பேசுகின்றன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51ஆவது பிரிவு, ரத்தம், சளி, வியர்வை, முடி, நகம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. உமிழ்நீரின் பெயர் அதில் இல்லை. மருத்துவர் தேவையெனக் கருதும் பிற பரிசோதனைகளுக்கு இடமுண்டு என்றாலும், அந்த முடிவு மருத்துவருடையதே தவிர, சாலையில் நிற்கும் காவலருடையதன்று. எந்தக் கருவி, எந்த வரம்பு அளவு, உறுதிப்படுத்தும் ஆய்வகம் எது, ஓட்டுநர் மறுபரிசோதனை கோரினால் முத்திரையிட்ட இரண்டாவது மாதிரி எங்கே இருக்கும் என்பவற்றை மத்திய அரசு விதிகளாக வெளியிட வேண்டும். அதுவரை சாலையோர முடிவை மட்டும் வைத்து எவர் மீதும் வழக்குப் பதியக் கூடாது என்று மாநிலக் காவல் துறைகள் சுற்றறிக்கை அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.