வானத்தில் வேடிக்கை, தரையில் உயிர்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி சென்னை மெரினாவில் வான்சாகச நிகழ்ச்சி நடந்தது. காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை ரஃபேல், சுகோய், சூர்யகிரண் குழு, சாரங் ஹெலிகாப்டர்கள் என்று வானம் அதிர்ந்தது. 15 லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்பட்டது. விமானங்கள் பத்திரமாகத் தளம் திரும்பின. பார்க்க வந்தவர்களில் 5 பேர் வீடு திரும்பவில்லை. வெயிலும் தாகமும் கலைந்து செல்லும்போது ஏற்பட்ட நெரிசலும் நூற்றுக்கணக்கானோரை மயங்கி விழவைத்தன.

விமானப்படை கேட்டதற்கும் மேலாகவே வசதி செய்து கொடுத்தோம் என்றது அரசு. ஏற்பாடு போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று வானத்தில் நடந்த எதுவும் கணக்கில்லாமல் நடக்கவில்லை. 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் சாகச விமானம் ஒன்று நடுவானில் உடைந்து கூட்டத்தின் மேல் விழுந்து 31 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் கூட்டத்துக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எந்தத் திசையில் திரும்பலாம் என்பதற்கெல்லாம் கடுமையான விதிகள் வந்தன. மெரினாவிலும் விமானங்கள் கடலுக்கு மேலேதான் பறந்தன. சிறப்பு அழைப்பாளர்களுக்குப் பந்தல் இருந்தது. உச்சி வெயிலில் மணலில் நிற்கப்போகிறவர்களுக்கு எத்தனை குடம் தண்ணீர், எத்தனை ரயில், எந்த வழியாக வெளியேறுவது என்ற கணக்கை மட்டும் அதே கவனத்தோடு யாரும் போடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அந்த மணலில் கிடந்த பாட்டில்களையும் நெகிழிப் பைகளையும் அள்ளியவர்கள் யார்? சென்னையின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடாதே என்று ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தாம். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். விழா என்றால் இவர்களுக்கு மறுநாள் வேலை கூடுதல் என்று மட்டுமே பொருள்.

வானத்தை அண்ணாந்து பார்க்கவைக்கும் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடற்கரை ஊர்த் திருவிழா ஆனாலும் கட்சி மாநாடு ஆனாலும் இரவில் வாணவேடிக்கை இல்லாமல் முடிவதில்லை. மேலே போய்ப் பூவாக விரியும் அந்த வெடிக்குச் சிவகாசிப் பக்கம் பேன்சி ரகம் என்று பெயர். 2018இல் சரவெடிக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்த பிறகு இந்த ரகத்துக்கு மவுசு கூடியது. விருதுநகர் மாவட்ட விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம் ஆகியிருக்கும்: 'பேன்சி ரகப் பட்டாசு தயாரிக்கும்போது உராய்வு ஏற்பட்டு'.

காரணம் மாயமல்ல. குழாயிலிருந்து மேலே தள்ள ஒரு மருந்து, உச்சியில் வெடிக்க ஒரு மருந்து, நிறம் காட்ட மணி மருந்து. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, பச்சைக்குப் பேரியம். இதில் அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம்பட்டால் தானாகவே சூடேறும். முந்தைய நாள் மீந்த கலவை மறுநாள் காலையில் வெடிப்பது இதனால்தான். மீதம் வைக்கக் கூடாது, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கு அறை இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. வானத்து விதியைப் போலவே இதுவும் கணக்குப் போட்டு எழுதிய விதிதான். நாக்பூரில் உரிமம் வாங்கிய ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டுவிட்டால் அந்த விதியை யார் பார்ப்பது? குத்தகைக்காரருக்குத் தீபாவளிக்குள் சரக்கு வேண்டும். தொழிலாளிக்குக் கூலி எத்தனை உருப்படி என்ற கணக்கில்தான். அறையில் இடமில்லை என்றால் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்.

2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. மாண்டவர்களில் சேரிகளிலிருந்து வேனில் ஏற்றிவரப்பட்ட பெண்களும் உண்டு. மற்ற சாதி ஏழைகளும் இறக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு மானாவாரி பொய்த்தால் திரும்பிப் போக வேறு வேலை இல்லை. விபத்து வழக்கில் சாதி ஒரு கேள்வியே இல்லை என்பதால், செத்தவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்ற கணக்கு எந்த அலுவலகக் கோப்பிலும் தனியாகச் சேர்வதில்லை. அந்தக் கணக்கை மாவட்ட நிர்வாகமே எடுத்து வெளியிட வேண்டும் என்று கேட்பது நியாயமே.

இழப்பீட்டைப் பாருங்கள். ரெங்கபாளையத்துக்கு முதல்வர் அறிவித்தது 3 லட்சம். அச்சங்குளம் விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021இல் உத்தரவிட்டது. ஒரே தொழில், ஒரே மாவட்டம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதலாவது நிவாரணம், கொடுப்பவர் மனம்போல் தொகை மாறும். இரண்டாவது உரிமை. உரிமை என்று வாதாடத் தெரிந்தால்தான் அது கிடைக்கும். உத்தரவு வந்த பிறகும் பணம் கைக்கு வரும்வரை விடாமல் துரத்த வேண்டும்.

இதில் பெரிதும் மறந்துபோவது இ.எஸ்.ஐ. வேலையில் இறந்தவரின் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காட்டை அடிப்படையாக வைத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் தொகை உண்டு. மனைவிக்கு அதில் ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் கூடினால் விகிதப்படி குறையும். உள்குத்தகையில் வேலை பார்த்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்று ஆலை கைவிரிக்கும். ஏட்டில் பெயர் ஏற்றாதது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் குற்றமல்ல. வேனில் வந்தது, வாரக் கூலி வாங்கியது, உடன் வேலை பார்த்தவரின் வாக்குமூலம் எல்லாமே சான்றுதான்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைத் தீபாவளிக்கு முன்பே செய்யலாம். அம்மாவோ அக்காவோ போகும் ஆலையின் பெயர், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, கூலி கொடுப்பவர் யார், இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் இல்லையென்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், மனு பெற்றதற்கான ரசீதையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.