புயல் போயிற்று, வரி வந்தது!



2024 நவம்பர் 30 இரவை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறிற்று. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை! வீதியெல்லாம் வெள்ளம், பாகூர் வயலெல்லாம் வெள்ளம். குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என்றது அரசு. வேண்டாமென்றா சொன்னோம்?

ஆனால், சேறு காய்ந்து முடியுமுன், 2025 சனவரி 1 அன்று, பெட்ரோல், டீசல் மீதான மதிப்புக்கூட்டு வரி ஏறத்தாழ 2 சதவிகிதம் ஏறிற்று! கொடுத்தது ஒருமுறை, எடுப்பதோ ஒவ்வொரு லிட்டருக்கும். தமிழகத்தைவிட விலை குறைவுதானே என்கிறார்கள். அழுகிய பயிரை மடக்கி உழ, டிராக்டருக்கு டீசல் ஊற்றுகிறானே உழவன், அவனிடம் சொல்லட்டும் இந்தச் சமாதானத்தை!

ஏன் எண்ணெயில் கை வைத்தனர்? 2017 சூலையில் வந்த சரக்கு, சேவை வரி, பெரும்பாலான பொருள்களின் வரி உரிமையை டில்லியோடு பிணைத்துவிட்டது. அதில் சிக்காமல் எஞ்சியவற்றுள் பெரியவை எண்ணெயும் மதுவும். மத்திய நிதிக்குழுவின் பங்கீடோ மாநிலங்களுக்கு. புதுவை யூனியன் பிரதேசமாயிற்றே! ஆக, வானம் இடித்தால் இவ்வரசு ஓடிச்சென்று நிற்குமிடம் மதுக்கடை வாசல். அல்லது பெட்ரோல் நிலைய வாசல்.

மாநிலத் தகுதி கேட்பது பதவிப் பித்து என்று ஏளனம் பேசுவோர் உங்கள் ஊரிலும் இருப்பர். அவர்களிடம், அந்தப் பாகூர் உழவனின் டீசல் ரசீதைக் காட்டுங்கள்.